ஸ்க்ரூ டிரைவர் கடைசியில்: புதிய மெக்கானிக்குகளுக்குச் சில அறிவுரைகள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். 'டிஸ்ப்ளே அடிக்குது', 'ஸ்கிரீன் விட்டு விட்டு வருது', 'கோடு கோடா ஓடுது' என்று சொல்லிக்கொண்டு யாராவது கடைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் 'பேனல் போச்சு' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் லேப்டாப்பில் அதிகச் செலவு வைக்கும் பாகங்களில் பேனலும் ஒன்று. திரை மினுக்குவதற்கான காரணம் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் தொடங்கி விண்டோஸ் செட்டிங் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, ஒவ்வொன்றிலும் சந்தேகத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் எதையும் கழற்றாமலே காரணம் பிடிபட்டுவிடும். அதற்கான வரிசை இது.

1. கேட்டுவிட்டுத் தொடுங்கள்

மெஷினை ஆன் செய்வதற்கு முன் வாடிக்கையாளரை உட்காரவைத்துப் பேசுங்கள். எப்போதிலிருந்து? ஆன் செய்த உடனேயா, சூடான பிறகா? சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டுமா? மூடியை அசைத்தால் வருகிறதா? குரோமில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? சமீபத்தில் அப்டேட் ஓடியதா, கீழே விழுந்ததா? 'நான் ஒண்ணும் பண்ணலை சார், தானா வந்துச்சு' என்றுதான் முதலில் பதில் வரும். கோபப்படாமல் மறுபடி கேளுங்கள். 'பையன் ஏதோ கேம் ஏத்தினான்' என்பது இரண்டாவது முறை கேட்டால்தான் வரும். கடைக்கு வந்ததும் மினுக்கல் நின்றுவிட்டால் 'நல்லாத்தானே இருக்கு' என்று திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டில் மினுக்கும்போது போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக் கரண்ட், வீட்டு மானிட்டர், வீட்டுக் கேபிள் மூன்றும் சந்தேகப் பட்டியலில் சேர வேண்டும்.

2. எந்த வகை என்று பிரியுங்கள்

திரை முழுக்கக் கறுத்து ஒரு நொடியில் திரும்பி வந்தால் சிக்னல் அறுபடுகிறது. கேபிளையோ டிரைவரையோ பாருங்கள். படம் அப்படியே இருக்க வெளிச்சம் மட்டும் நடுங்கினால் பேக்லைட் பக்கம் போங்கள். ஐகான்களும் டாஸ்க்பாரும் மட்டும் மறைந்து மறைந்து தோன்றினால் ஏதோ ஒரு புரோகிராம் வேலை காட்டுகிறது. கலர் புள்ளிகளும் சின்னச் சின்னக் கட்டங்களும் தெறித்தால் கிராஃபிக்ஸ் சிப்போ ரேமோ. மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் நகராமல் நிற்கும் கோடு என்றால், அப்போதுதான் பேனலின் பெயரை எடுக்கலாம். திரை இருண்டுவிட்டால் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னாலிருக்கும் விளக்குதான் அணைந்திருக்கிறது.

3. கரண்டைச் சந்தேகியுங்கள்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது காகிதத்தில். தளர்ந்துபோன எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மானிட்டர், பிரிண்டர், டேபிள் ஃபேன் எல்லாம் ஒன்றாகத் தொங்கினால் அந்தக் கணக்கு நிற்காது. மானிட்டரை நேராகச் சுவர் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மினுக்கல் நின்றால் சார்ஜரையோ எர்த்தையோ பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பேட்டரிக்கு மாறும்போது வெளிச்சமும் ரெஃப்ரெஷ் ரேட்டும் தானாகக் குறையும்படி சில லேப்டாப்களில் வைத்திருப்பார்கள். அதையும் சரிபார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். ஆபீஸில் கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியிலிருந்து எழுந்தால் பக்கத்து மானிட்டர் ஒரு நொடி கறுப்பதாக யாராவது சொன்னால் நம்புங்கள். அந்த நாற்காலியில் எழும் ஸ்டாட்டிக் பொறி வீடியோ கேபிளில் ஏறி சிக்னலைக் கலைக்கும். லேப்டாப்போடு மானிட்டர்களை இணைக்கும் டாக்குகளுக்குச் சிப் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே இதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதிச் சொல்லியிருக்கிறது. தரமான, ஷீல்டு உள்ள கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

4. மானிட்டரின் சொந்த மெனுவைத் திறங்கள்

இது ஒரு நிமிட வேலை, பலர் செய்வதில்லை. மானிட்டரின் பட்டனை அழுத்தினால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று ஒரு மெனு வருமே, அதைக் கம்ப்யூட்டர் அனுப்புவதில்லை, மானிட்டரே வரைகிறது. பின்னால் படம் துடிக்க, மெனு அசையாமல் நின்றால் மானிட்டர் நல்லது. கேபிளையும் கம்ப்யூட்டரையும் பாருங்கள். மெனுவும் சேர்ந்து துடித்தால் கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு மானிட்டரை எடுங்கள்.

5. கேபிளை மாற்றிப் பாருங்கள், போர்ட்டையும்

விஜிஏ கேபிள் இன்னும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உயிரோடு இருக்கிறது. 15 பின், இருபக்கமும் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவைத் திருகாமலே விட்டிருப்பார்கள், மேசையை இழுத்தால் கலர் மாறும். ஒரு பின் வளைந்திருந்தால் திரை முழுக்க மஞ்சளோ நீலமோ அடிக்கும். எச்டிஎம்ஐயில் வேறு தொல்லை. எச்டிஎம்ஐ 1.4 காலத்துப் போர்ட்டில் 4கே படம் 30 ஹெர்ட்ஸ்தான் போகும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.0 வேண்டும். புது 4கே மானிட்டரை வாங்கிப் பழைய கேபிளில் மாட்டினால் திரை வரும், போகும். மானிட்டரைக் குறை சொல்லாமல் கேபிளை மாற்றுங்கள். நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். கடையில் நல்ல கேபிள் ஒவ்வொரு வகையிலும் ஒன்று, சோதனைக்கென்றே தனியாக வைத்திருங்கள். அதை விற்காதீர்கள்.

6. லேப்டாப்பை டிவியில் போட்டுப் பாருங்கள்

எச்டிஎம்ஐயில் டிவியையோ வேறு மானிட்டரையோ இணைத்து, டூப்ளிகேட் வைத்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்து லேப்டாப் திரை மட்டும் அடித்தால் பேனல், உள்கேபிள், மூடி மடிப்பு இந்த மூன்றில் ஒன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் அடித்தால் பேனலை மறந்துவிடுங்கள். டிரைவர், ஏதோ ஒரு புரோகிராம், கிராஃபிக்ஸ் சிப், ரேம் இவற்றில் ஒன்றுதான்.

7. பயாஸில் பத்து நிமிடம் உட்காருங்கள்

எஃப்2, டெலீட், எஃப்10 என்று கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். பயாஸ் திரைக்குள் போய் ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் ஹார்டுவேர்தான். விண்டோஸ் ஃபார்மட் அடிப்பது வீண். பயாஸில் அமைதியாக இருந்து டெஸ்க்டாப் வந்ததும் அடித்தால் சாஃப்ட்வேர் என்று முக்கால்வாசி நம்பலாம். முழுதாக நம்ப வேண்டாம். சூடேறிய பிறகு மட்டும் கெடும் சிப்புகள் பயாஸில் நல்ல பிள்ளையாக இருக்கும்.

8. டாஸ்க் மேனேஜரைச் சாட்சிக்கு அழையுங்கள்

இது மைக்ரோசாஃப்ட்டே சொல்லித்தரும் சோதனை. மினுக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர். மற்றதெல்லாம் மினுக்க, அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப். கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். பிரவுசரில் மட்டும் மினுக்கினால், அதன் செட்டிங்கில் சிஸ்டம் பகுதியில் இருக்கும் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு மறுபடி திறங்கள்.

9. டிரைவரில் பின்னோக்கிப் போகவும் தெரிந்திருக்க வேண்டும்

டிரைவர் என்றதும் புதியதை ஏற்றத்தான் எல்லோருக்கும் கை ஓடும். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பாருங்கள். புதிதாக ஏற்றுவதானால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கென்று கொடுத்திருப்பதை முதலில் எடுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தன் அடிப்படை டிரைவரோடு மட்டும் எழும். அங்கே மினுக்கல் இல்லையென்றால் திருடன் கம்பெனி டிரைவரோ, பின்னணியில் ஓடும் புரோகிராமோதான். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்பதற்கான பதிவு அது. கிராஃபிக்ஸ் சிப் இரண்டு நொடி வாய் திறக்காவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்துவிடும். அந்த நேரத்தில்தான் திரை கறுக்கிறது.

சேஃப் மோடுக்குப் போகுமுன் ஒன்று கேளுங்கள்: பிட்லாக்கர் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். அது கையில் இல்லாமல் உள்ளே போனால் மினுக்கலோடு வந்த வாடிக்கையாளர் ஃபைல்களை இழந்து நிற்க நேரலாம்.

10. கோளாறு அல்லாததைக் கோளாறு என்று எழுதாதீர்கள்

பெட்டி போன்ற பழைய சிஆர்டி மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் கண்ணை உறுத்தும். 75, 85 என்று கூட்டினால் அடங்கும். அந்தப் பழக்கத்தில் எல்சிடிக்கும் ஹெர்ட்ஸைக் கூட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்சிடியில் படம் அடுத்த ஃபிரேம் வரை நிற்கும். 60 ஹெர்ட்ஸில் அது மினுக்காது. மானிட்டர் தாங்காத ரேட்டை வைத்தால்தான் திரை கறுக்கும். படத்துக்கேற்ப வெளிச்சம் ஏறி இறங்கினால் அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் செட்டிங்; இன்டெல் கிராஃபிக்ஸ் பேனலிலும் விண்டோஸ் டிஸ்ப்ளே பக்கத்திலும் அணைக்க வழி உண்டு. இன்டெல்லின் 'பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்' சில லேப்டாப்களில் நிஜமாகவே மினுக்க வைக்கும். அணைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வெளிச்சத்தைக் குறைத்தால் தலைவலிக்கிறது என்று சிலர் வருவார்கள். பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து எரியவைத்துத்தான் பல பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரியலாம். இதை ரிப்பேர் செய்ய முடியாது. திரை வெளிச்சத்தைக் கூட்டி, அறை விளக்கையும் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

11. மூடியை மெல்ல அசையுங்கள்

மூடியைத் திறந்து மூடும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அடித்தால் மடிப்புக்குள் ஓடும் டிஸ்ப்ளே கேபிள்தான். மதர்போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் கேபிள் கீல் வழியாகத் திரும்பிப் போகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் அது முறுக்குப்படுகிறது. கழற்றினால் கீலுக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் தேய்ந்து, உள்ளே முடியளவு மெல்லிய ஒயர்கள் வெளியே தெரியும். சில நேரம் கேபிள் நன்றாகவே இருக்கும். பேனலின் பின்பக்கத்துக் கனெக்டர் மட்டும் அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும், அதன்மேல் ஒட்டிய டேப் காய்ந்திருக்கும். நேராக அழுத்தி, புது டேப் ஒட்டினால் வேலை முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு கட்டளை: பேட்டரி கனெக்டரைப் பிடுங்காமல் டிஸ்ப்ளே கேபிளைத் தொடாதீர்கள். பேக்லைட்டுக்கான வோல்டேஜ் அதே கனெக்டரில்தான் வருகிறது. கரண்ட் இருக்கும்போது கோணலாகச் செருகினால் மதர்போர்டில் பேக்லைட் ஃபியூஸ் போகும். சின்னக் கோளாறு போர்டு வேலையாகிவிடும்.

12. டெஸ்க்டாப்பில் தூசியையும் ரேமையும் விடாதீர்கள்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான மெமரியும் ரேமிலிருந்துதான் போகிறது. அதனால் ரேம் சரியாக உட்காராவிட்டாலும் திரையில் குப்பை தெரியும். கழற்றி, தங்கநிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். கார்டு இருந்தால் தூசியைத் துடைத்துவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா, பவர் கேபிள் முழுதாக ஏறியிருக்கிறதா, மானிட்டர் கேபிள் கார்டில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

13. கண்டென்சரின் தலையைப் பாருங்கள்

மானிட்டர் ஆன் ஆகி இரண்டு நொடியில் இருண்டாலோ, சூடாகும்வரை துடித்துவிட்டுப் பிறகு நிலைத்தாலோ பவர் போர்டைப் பார்க்க வேண்டும். நல்ல கண்டென்சரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டது உப்பியிருக்கும், சிலவற்றில் பழுப்பாகக் கசிந்திருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி என்று அச்சிட்டதாக வாங்கிப் போடுங்கள். ஆனால் போர்டின் பெரிய கண்டென்சரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் மிச்சம் இருக்கும். மீட்டரில் பார்த்து, ரெசிஸ்டர் வழியாக இறக்கிய பிறகே கை வையுங்கள். முதல் சில முறை கடையின் சீனியர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

14. பேனல் மாற்றுவதென்றால்

இத்தனைக்கும் பிறகு பேனல்தான் என்று உறுதியானால் தயங்க வேண்டாம். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுங்கள். 30 பின்னா 40 பின்னா, அளவு, ரெசல்யூஷன், ஸ்க்ரூ பட்டைகளின் இடம் எல்லாம் பொருந்த வேண்டும். மாற்றிய பிறகு ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, மூடியைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பழைய பேனலை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள்.

கேபிளை அழுத்திச் செருகியதோடு சரியாகிவிட்டால் சும்மா அனுப்ப வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது உங்கள் உழைப்பு, அதற்கான சர்வீஸ் சார்ஜைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மாற்றத் தேவையில்லாத பேனலுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.