ஹூக்ளிக் கழிமுகமும் உல்லம் மீனும்

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் பகுதி கழிமுகம் எனப்படும். ஓதம் ஏறும்போது உப்பு நீர் உட்புகுகிறது. இறங்கும்போது நன்னீர் மேலோங்குகிறது. இம்மாற்றத்தைத் தாங்கவல்ல உயிரினங்கள் சிலவே; ஆயினும் அவை பெருந்திரளாகப் பெருகுகின்றன. ஆறு கொணரும் வண்டலும் கண்டல் மரங்கள் உதிர்க்கும் இலைகளும் அங்கு உணவுக்கு அடிப்படையாகின்றன. மட்கிய இலையை நுண்ணுயிர்களும், அவற்றை இறாலும் நண்டும், இவற்றைக் கொடுவா போன்ற மீன்களும் உண்கின்றன. கடலில் முட்டையிடும் இறால் இனங்கள் பலவற்றின் குஞ்சுகள் இங்கு வந்து வளர்கின்றன.

இவ்வாழ்வு முழுவதும் நன்னீருக்கும் உப்பு நீருக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்தது. அவ்விகிதத்தை மனிதன் மாற்றினால் நிகழ்வது என்ன என்பதற்கு மேற்கு வங்கத்தின் ஹூக்ளி தக்க சான்றாகும்.

கங்கையின் நீரில் பெரும்பகுதி பத்மா வழியே செல்வதால், கோடையில் ஹூக்ளியின் நீர்வரத்து குன்றியது. வண்டல் படிந்து கல்கத்தாத் துறைமுகத்திற்குக் கப்பல்கள் வருவது கடினமாயிற்று. இதனைப் போக்கவே பராக்காவில் தடுப்பணை கட்டப்பட்டு 1975-ல் இயங்கத் தொடங்கியது. வினாடிக்கு 40,000 கன அடி வரை நீரை 38 கிலோமீட்டர் நீளக் கால்வாய் மூலம் ஹூக்ளிக்குத் திருப்புவது திட்டம். துறைமுகப் பாதையில் தூர்வாரும் செலவு இதனால் ஒழிந்துவிடவில்லை. ஆயின் கழிமுகத்தில் உவர்ப்பு குறைந்து, உப்பு நீரின் எல்லை கடலை நோக்கிப் பின்வாங்கியது. நன்னீர் மீன்கள் முன்பு காணப்படாத பகுதிகளிலும் பரவின.

அண்டையிலுள்ள மாத்லாவின் நிலை வேறு. மேலிருந்து நன்னீர் பெறும் தொடர்பை அது இழந்துவிட்டது. சுந்தரவனத்திற்குப் பெயரளித்ததாகக் கருதப்படும் சுந்தரி மரம் மிகுந்த உவர்ப்பில் செழிப்பதில்லை. ஆதலால் இந்திய சுந்தரவனத்தின் மையப் பகுதியில் அது அருகிவிட்டது. வங்கதேசப் பகுதியிலும் கோடைக்கால உவர்ப்பு உயர்ந்தது. 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்கென இரு நாடுகளும் செய்துகொண்ட கங்கை நீர்ப் பங்கீட்டு உடன்படிக்கைக்குப் பின்னணியில் இப்பிரச்சினையும் இருந்தது.

மிகப் பெரிய இழப்பு உல்லம் மீனைப் பற்றியது. வங்கத்தில் இலிஷ் எனப்படும் இம்மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறும் இயல்புடையது. பராக்காவிற்கு முன்னர் பாட்னா, பக்சர், அலகாபாத் வரை அது பிடிபட்டது. தடுப்பணை எழுந்த பின் அங்கெல்லாம் உல்லம் பிடிப்பு சரிந்து, அதனை நம்பிய மீனவர் வேறு தொழில் தேட நேர்ந்தது. துறைமுகத்தின் வரவுசெலவுக் கணக்கில் பீகார் மீனவரின் இழப்பு இடம்பெறாதது வியப்பன்று. அக்கணக்கை எழுத வேண்டியவர் யார் என்பது திட்டமிடும் நிலையில் கேட்கப்படவில்லை என்பதே குறை.

தடுப்பணையில் மீன்கள் கடந்துசெல்ல அமைக்கப்பட்ட வழிகள் உல்லத்திற்கு எதிர்பார்த்த பயனளிக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் பராக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உல்லம் மீன்களைத் தடுப்பணைக்கு மேற்புறத்தில் விட்டு வருகிறது. அவற்றின் குஞ்சுகள் கடலில் வளர்ந்து திரும்புகையில் அதே கதவுகளைக் கடந்தாக வேண்டும்.