வகுப்பு தொடங்குமுன் பதியுங்கள், வருத்தத்தின் பெயரைப் பேராசிரியருக்கு எழுதாதீர்கள்

மார்க்கம் வீதியில் தமிழர் தெருவிழாப் பந்தல்களைக் கழற்றுகிறார்கள். தொழிலாளர் தினம் போனால் ரொறன்ரோவின் பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்கிவிடும். ஏதேனும் இயலாமையோடு உள்ளே போகும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்குமான அறிவித்தல் இது. போன வருடமும் இதே நேரத்தில் சொன்னோம். கேட்காதவர்கள் நவம்பரில் வந்தார்கள்.

இயலாமை என்றதும் சக்கர நாற்காலியை மட்டும் நினைக்கவேண்டாம். மனச்சோர்வு, பதற்றநோய், ஏ.டி.எச்.டி., வாசிப்புச் சிரமம், வலிப்பு, நாள்பட்ட வயிற்று வருத்தம் எல்லாம் இதில் அடங்கும். முறிந்த வலது கைக்குக்கூடத் தற்காலிகமாக உதவி கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்களும் பதியலாம்.

செய்யவேண்டியவை சுருக்கமாக: உங்கள் வளாகத்தின் அக்செஸிபிலிற்றி அலுவலகத்தில் இணையம் வழியே பதியுங்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சென். ஜோர்ஜ், ஸ்காபரோ, மிசிசாகா மூன்றுக்கும் தனித்தனி அலுவலகம். யோர்க் பல்கலைக்கழகத்துக்கும் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்துக்கும் வேறு வேறு. உயர்பள்ளியில் இருந்த ஐ.ஈ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) தானாகப் பின்னால் வராது. வைத்தியர் நிரப்பவேண்டிய படிவத்தை அலுவலகத்தின் தளத்திலிருந்து இறக்கி எடுங்கள். குடும்ப வைத்தியரிடம் இப்போதே நேரம் கேளுங்கள். படிவத்துக்குக் கட்டணம் கேட்கக்கூடும். பத்திரம் கைக்கு வரவில்லையென்று பதியாமல் இருக்கவேண்டாம், இடைக்கால ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். அந்த அலுவலகத்தின் ஆலோசகரைச் சந்தியுங்கள். பரீட்சைகளுக்கான கடைசித் திகதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். ஒவ்வொரு தவணையும் ஏற்பாட்டைப் புதுப்பிக்கவேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.

இனி, நாங்கள் அஞ்சும் ஒன்று.

நோயின் பெயரைப் பேராசிரியருக்கு எழுதாதீர்கள். வைத்தியரின் கடிதத்தை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பாதீர்கள். பாடத்துக்கு உதவும் ரீ.ஏ.யிடமும் சொல்லவேண்டாம், குழுவேலைக்கான வாட்ஸ்அப்பிலும் போடவேண்டாம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறோம். செப்டெம்பரில், "பதிந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்று பிள்ளை ஒதுங்கி நிற்கும். ஒக்டோபர் இடைத்தவணைப் பரீட்சை சறுக்கும். நவம்பரில் கட்டுரையும் தவறும். பிறகு நடுச்சாமத்தில் பயந்துபோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மருத்துவமனை என்று எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, பாடம் படிப்பிக்கும் ஐந்து பேருக்கும் அனுப்பும். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று ஒளித்ததை முன்பின் அறியாத ஐந்து பேரிடம் கொடுத்தாயிற்று. அதைத் திருப்பி வாங்கவும் முடியாது. ஒழுங்காகப் பதிந்திருந்தால் அந்த ஐவருக்கும் போயிருக்கும் கடிதத்தில் மேலதிக நேரம், தனி அறை, கட்டுரைக்குச் சில நாள் தவணை என்ற விபரந்தான் இருந்திருக்கும். ஏன் என்று அதில் எழுதுவதில்லை. இரகசியம் வேண்டுமென்றால் பதிவதுதான் வழி.

வைத்தியர் நிரப்பும் படிவமும் பெரும்பாலும் வருத்தம் உங்களை எப்படிப் பாதிக்கிறது என்றுதான் கேட்கும்: எவ்வளவு நேரம் கவனம் நிற்கும், வாசிப்பு வேகம் எப்படி, நீண்ட நேரம் இருக்க முடியுமா என்று. நோயின் பெயரை எழுத உங்கள் சம்மதம் கேட்கும் இடம் படிவத்தில் இருந்தால், வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நோயின் பெயரைக் கட்டாயப்படுத்தாத இந்த நிலைமை சும்மா வந்ததில்லை. யோர்க்கில் முனைவர் பட்டத்துக்குப் படித்த நவி தனோட்டா, உளநல உதவிக்குப் பதிய நோயின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற நடைமுறையை எதிர்த்து ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2016 ஜனவரியில் இணக்கம் காணப்பட்டு, யோர்க் தன் நடைமுறையை மாற்றியது. அதே ஆண்டில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் மாகாணத்தின் மற்றப் பொதுப் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் மாறச் சொன்னது. ஒருவர் தீர்ப்பாயம்வரை போய் வாங்கித் தந்ததை நீங்கள் ஒரு மின்னஞ்சலில் விட்டுக்கொடுக்கிறீர்கள். சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வருகிறது.

கற்றல் குறைபாட்டுக்கு விரிவான மதிப்பீடு கேட்பார்கள், அரச உதவிப்பணத்துக்குத் தனிப் படிவம் உண்டு. அந்தப் பத்திரங்கள் அந்தந்த அலுவலகத்துக்கு மட்டுமே. பேராசிரியர் நேரில் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால், "என் ஆலோசகரோடு கதையுங்கள்" என்று சொல்லலாம், அது மரியாதைக்குறைவு ஆகாது. தனி அறையில் பரீட்சை எழுதினால் கூட்டாளிகள் கேட்பார்கள், "வேறிடத்தில் எழுதினேன்" என்பது போதும். உங்களுக்காகப் பாடக்குறிப்பு எடுக்கும் தொண்டருக்கு அது யாருக்குப் போகிறது என்று பொதுவாகத் தெரிவதில்லை. பெறுபேற்றுப் பத்திரத்திலும் பட்டத்திலும் இதைப்பற்றி எதுவும் வராது.

விதிவிலக்கையும் மறைக்கவில்லை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று தெரிந்தாலோ, நீதிமன்றம் கேட்டாலோ தகவல் வெளியே போகக்கூடும். முதற் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

பெற்றோருக்கு: அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து "நான் தாய், எனக்குச் சொல்லுங்கோ" என்று சண்டை பிடிக்கவேண்டாம். 2006 ஜூனிலிருந்து ஒன்ராறியோவின் தனியுரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துகிறது. பிள்ளை எழுத்தில் சம்மதம் தராமல் அங்கே வாய் திறக்கமாட்டார்கள். கட்டணம் நீங்கள் கட்டினாலும் அப்படித்தான். கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பிள்ளையைப் பதியவிடாமல் தடுக்கும் வீடுகளையும் அறிவோம். அலுவலகத்திலிருந்து ஊருக்குக் கதை போவதில்லை. பெரும்பாலும் அது மாமிமாருடனான தொலைபேசியில்தான் போகிறது. பிள்ளை பதிந்ததை நீங்களும் வெளியே சொல்லவேண்டாம்.

மறுபடியும்: நோயின் பெயர் பேராசிரியருக்கு வேண்டாம். எழுதிவிட்டீர்களென்றால் அதற்கு மேல் விளக்கம் அனுப்பாமல், அன்றைக்கே ஆலோசகரிடம் போங்கள்.

நவம்பரில் வருபவரையும் அலுவலகம் திருப்பி அனுப்பாது. ஆனால் ஒக்டோபரில் எழுதி முடித்த பரீட்சைக்கு மேலதிக நேரம் தர ஆலோசகராலும் முடியாது. மனுப்போட்டுக் காத்திருக்கலாம், கிடைக்குமென்று உறுதியில்லை. இந்தக் கிழமையே பதியுங்கள்.