கப்பல் கொட்டும் நீர்

கேள்வி: முல்லைத்தீவில் கப்பல் துறைமுகமே இல்லை. பலாஸ்ட் நீர் விதிகள் எங்களுக்கு எதற்கு?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூரைப் பாருங்கள். ‘காக்கா ஆழி’ எனும் தென்னமெரிக்கச் சிப்பி அங்கே கழிமுகத் தரையைக் கம்பளமாய் மூடி, இறால் புதையும் மண்ணைப் பறித்துவிட்டது. சரக்கில்லாத கப்பல் சமநிலைக்காக ஏற்றிவந்து துறைமுகத்தில் கொட்டும் பலாஸ்ட் நீரோடு அது வந்திருக்கலாம் என்கிறார்கள். கப்பலின் அடியில் ஒட்டியும் வந்திருக்கலாம். அதற்காக நீரைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. சிப்பியின் மிதக்கும் குஞ்சுகள் துறைமுகத்தோடு நிற்பதில்லை. நீரோட்டம் வட்டுவாகல் முகத்துவாரம் வரைக்கும் கொண்டுவரலாம், அதற்கு உள்ளே நந்திக்கடல் இறால். 2017இல் நடைமுறைக்கு வந்த பலாஸ்ட் நீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்படி, வெளியேற்றும் ஒரு கன மீற்றர் நீரில் 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலுமான உயிரிகள் 10க்கும் குறைவாகவே உயிரோடு இருக்கலாம். அதற்குக் கப்பலில் வைக்கும் சுத்திகரிப்புக் கருவிக்குச் செலவு அதிகம்தான். ஆனால் பரவிவிட்ட சிப்பியை அள்ளி முடியாது. அந்தச் செலவு மீனவர் தலையில் விழும். கொழும்பிலும் திருகோணமலையிலும் கப்பலின் பதிவேட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, நீரின் மாதிரியையும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.