திண்ணையிலிருந்து திரைக்கு

அரசியல் பேசுவதற்கெனத் தமிழ்நாட்டு ஊர்களில் நெடுநாளாக இடங்கள் இருந்துவருகின்றன. தேநீர்க் கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவரும் கேட்டு நாட்டுநடப்பை அறிவார். திராவிட இயக்கப் படிப்பகங்கள் வாதத்தை வளர்த்தன. ஆயினும், அவ்விடங்களில் அமர்ந்தோர் பெரும்பாலும் ஆண்களே. மேடையோ அழைக்கப்பட்டோர்க்கு மட்டும் உரியதாக இருந்தது. முகநூலும் புலனமும் கீச்சகமும் முதலில் தகர்த்தவை இந்த வேலிகளையே.

வேலி தகர்ந்ததும் சட்டத்தின் கை நீண்டது. 2012 நவம்பரில் அரசியல் தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பை நகரம் கடையடைத்துக் கிடந்தது. மகாராட்டிர மாநிலம் பால்கரில் ஓர் இளம்பெண் இதனை வினவி முகநூலில் சில வரிகள் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். விருப்பக்குறி இடுவதும் குற்றமா என நாடே வியந்தது.

அக்கைதுக்குத் துணைநின்றவற்றுள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவும் ஒன்று. பிறருக்கு 'எரிச்சல்' ஊட்டும் செய்தியை அனுப்பினாலும் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சலை அளக்க அளவுகோல் ஏது? ஒருவருக்கு நகைச்சுவையாவது மற்றொருவருக்கு எரிச்சலாகலாம். சட்டம் பயின்ற மாணவி சிரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. ஒன்றைப் பற்றி உரையாடுவது, அதற்காகப் பரிந்து பேசுவது, வன்செயலுக்குத் தூண்டுவது ஆகிய மூன்றையும் அத்தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டியது. முதல் இரண்டும், பிறர்க்கு எத்துணைக் கசப்பாயினும், பேச்சுரிமையின் உயிர்நிலை. பேச்சு தூண்டுதலாகும்போதுதான் அரசு தடுக்கலாம். எனினும், நீக்கப்பட்ட பிரிவின்கீழ் வழக்குப் பதிவது ஓயவில்லை. 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது!

இதற்கிடையில், 2017 சனவரியில் சல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் இளைஞர் திரண்டனர். அழைப்பு, பெரும்பாலும் கைப்பேசித் திரைகளின் வழியே பரவியது; கட்சித் தலைமை எதுவும் அதற்கில்லை. சனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கியது.

அதே வேகம் பொய்க்கும் உண்டு. 2018இல் குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாகப் புலனத்தில் பரவிய வதந்தியால் நாட்டின் பல பகுதிகளில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். தமிழ்நாடும் அதற்கு விலக்கன்று. தேநீர்க் கடையில் பொய் சொன்னவரை, 'யார் சொன்னது?' என்று எதிரில் இருப்பவர் மடக்கலாம். புலனக் குழுவிலோ, பலமுறை கைமாறிய செய்தியை முதலில் எழுதியவர் யாரென்று பெறுபவர் அறியார். உறவினர் அனுப்பியதால் நம்புகிறார். அவ்வாண்டு சூலையில், இந்தியப் பயனர் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு புலன நிறுவனம் வரம்பு விதித்தது. வரம்பு விரலின் விரைவைத்தான் குறைத்தது. ஐந்தாம் பகிர்வுக்குப் பின் மீண்டும் ஐந்து பகிர அப்போது எவருக்கும் தடையிருக்கவில்லை.