புயலுக்குப் பின் ஏரிக்கரை

ஒடிசாவில் சிலிகா என்னும் பெரிய ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே தொலைதூரப் பறவைகள் வரும். பார்க்க வருபவர்கள் கரையில் கூடாரம் போட்டும் தங்குவார்கள். படகோட்டிகளுக்கு அதுதான் பிழைப்புக் காலம்.

2013 அக்டோபர் 12. பைலின் புயல் கஞ்சம் மாவட்டத்தில் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்! ஏராளமான மரங்கள் சாய்ந்தன. சிலிகாவின் தென்கரை அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பறவைகளோ வரும் நேரம்.

இப்படிப்பட்ட நேரத்தில், தங்குமிடத்தைச் சீர் செய்யத் தொண்டர்கள் கூடுவார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் எதை முதலில் தொடுவது?

அறுந்த மின்கம்பி கிடந்தால் எதையும் தொடக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை.

அடுத்தது மரம். விழுந்து கிடக்கும் மரத்தைவிட, இன்னொரு மரத்தில் சாய்ந்து நிற்கும் மரமே ஆபத்தானது. வளைந்து மாட்டிக்கொண்ட கிளையை வெட்டினால், அது வில்போல விசிறி அடிக்கும். மரம் வெட்டிப் பழகியவர் வெட்டட்டும். மற்றவர்கள் தள்ளி நின்று, பிறகு கிளைகளை இழுத்துப் போடலாம். குவியலில் பாம்பு இருக்கலாம். முதலில் கம்பால் கிளற வேண்டும்.

கூடாரம் போடும் முன் கிணற்றைப் பாருங்கள். கலங்கல் நீரில் பிளீச்சிங் பவுடர் சரியாக வேலை செய்யாது. சேற்று நீரை இறைத்துவிட வேண்டும். தெளிந்த நீர் ஊறியதும், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். வாளியில் கரைத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே குடிக்க நீர் எடுக்கலாம்.