பழைய கணினிக்குக் கூடுதல் நினைவகம்: செலவு செய்யும் முன் ஒரு சோதனை

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு காலை, திருப்பதியிலுள்ள நமது கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திற்கு அருகில் சிறிய இணையச் சேவைக் கடை நடத்துபவர். மாணவர்களின் சேர்க்கை விண்ணப்பங்களை நிரப்பித் தருவதே அவருடைய வருமானம். அவரது கணினியைக் காலையில் இயக்கினால், அது வேலைக்கு ஆயத்தமாவதற்கே பத்து நிமிடம் ஆகிறது. காத்திருக்கும் மாணவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். ரேம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டினால் போதும் என்றார் ஒருவர். புதிய கணினியே வாங்கிவிடுங்கள் என்றார் இன்னொருவர். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வளையல்களை அடகு வைத்துக் கடன் பெற வந்திருந்தார்.

நகைக்கடன் வழங்குவது நமது பணிதான். எனினும், கோளாறு எங்கே என்று தெரியுமுன் கடன் வாங்குவது முறையன்று. எனவே ஒரு நாள் பொறுத்து, கீழ்க்காணும் சோதனையைச் செய்துவிட்டு வருமாறு அவரிடம் கூறினோம்.

கணினியின் உள்ளே நடப்பதை ஒரு வங்கிக் கிளையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயலி என்பது வேலை செய்யும் அலுவலர். நினைவகம் அவர் முன்னுள்ள மேசை. வன்தட்டு, பேரேடுகளை அடுக்கி வைத்திருக்கும் பதிவறை. மேசை சிறியதாக இருந்தால், ஒரு பேரேட்டை விரிக்க இன்னொன்றைப் பதிவறையில் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த நடையிலேயே பொழுது கழியும். அப்போது மேசையைப் பெரிதாக்கினால் பயன் உண்டு. ஆனால் மேசையில் பாதி இடம் காலியாக இருந்து, பதிவறையிலிருந்து பேரேடு வருவதே தாமதம் என்றால், மேசையைப் பெரிதாக்கி என்ன பயன்? நினைவகத்தைப் பற்றிய முடிவு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியுள்ளது.

சோதனை

விண்டோஸ் கணினியில் இதற்கெனத் தனி மென்பொருள் தேவையில்லை. வேலை மிகுந்த நாளில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் அனைத்தையும், அதாவது கணக்கு மென்பொருள், உலாவியின் பக்கங்கள், அச்சுப்பொறி முதலியவற்றைத் திறந்துகொள்ளுங்கள். கணினி தயங்கும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். செயலி, நினைவகம், வட்டு ஆகியவை எவ்வளவு பயன்படுகின்றன என்பது அங்கே விழுக்காட்டில் தெரியும். ஒரே நாளில் மூன்று முறை பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவகம் 85 விழுக்காட்டுக்கு மேல் நிலையாக நின்றால், பற்றாக்குறை நினைவகத்தில் உள்ளது. நினைவகம் பாதியளவே நிரம்பியிருக்க, வட்டு நெடுநேரம் 100 விழுக்காட்டில் நின்றால், தாமதம் வட்டில் உள்ளது. செயலி மட்டும் உச்சத்தில் நின்றால், நினைவகத்தைக் கூட்டுவதால் பெரிய மாற்றம் இராது.

இங்கு ஓர் எச்சரிக்கை. நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் வட்டின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். அதனால் வட்டின் அளவும் சேர்ந்து உயரும். ஆகவே முதலில் நினைவகத்தின் அளவைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் மட்டுமே வட்டைக் குறை சொல்லுங்கள்.

இரண்டு கணினிகள், இரண்டு விடைகள்

திருப்பதி வாடிக்கையாளர் மறுநாள் கொண்டுவந்த தாளில், 8 ஜிபி நினைவகத்தில் சுமார் 4.5 ஜிபி மட்டுமே பயன்பட்டிருந்தது. வட்டோ காலையில் நெடுநேரம் 100 விழுக்காட்டில் நின்றிருந்தது. அவரது கணினியில் இருந்தது சுழலும் வன்தட்டு. இவ்வகைத் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்பவை. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி அதன் முனை இங்குமங்கும் நகர வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் வட்டில் நகரும் உறுப்பே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது நினைவகமும் அன்று, புதிய கணினியும் அன்று; ஓர் எஸ்.எஸ்.டி. மட்டுமே.

சித்தூரில் வெல்ல வணிகம் செய்யும் மற்றொரு வாடிக்கையாளரின் நிலை இதற்கு மாறானது. அவரது கணினியில் எஸ்.எஸ்.டி. முன்னரே இருந்தது, நினைவகம் 4 ஜிபி மட்டுமே. கணக்கு மென்பொருளையும் உலாவியையும் ஒருங்கே திறந்தால் நினைவகம் 93 விழுக்காட்டைத் தொட்டது. அவர் மேலும் 4 ஜிபி சேர்த்தார்; தயக்கம் நீங்கியது. திருப்பதிக்காரர் அதையே செய்திருந்தால் பணம் வீணாகியிருக்கும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் செலவில்லாத வழியை முயலுங்கள். கணினி தொடங்கும்போது தாமாகவே இயங்கும் மென்பொருள்களில் தேவையற்றவற்றை, அதே டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் நிறுத்தலாம். பின்னர் மீண்டும் அளந்து பாருங்கள்.

நினைவகம்தான் தேவை என்று உறுதியானால், அது உங்கள் கணினிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் அளவு வேறு. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட இயலாது. விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால், 4 ஜிபிக்கு மேல் சேர்ப்பது பொதுவாகப் பயன் தராது.

கணினிக்கு இன்னும் எவ்வளவு காலம் உண்டு என்பதையும் எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டு இடமும் வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் அங்கீகரிக்கப்பட்ட செயலியும் வேண்டும். இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பொதுவாக அப்பட்டியலில் இல்லை. செயலி தகுதி பெறாவிட்டால், எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் அக்குறை நீங்காது. அத்தகைய கணினிக்குப் பணம் செலவிடுமுன் இருமுறை சிந்தியுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களை நீக்குங்கள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றிலிருந்து வெளியேறிவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ யாரிடமும் சொல்லாதீர்கள். கணக்கிலிருந்து பணம் மோசடியாக எடுக்கப்பட்டால், உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். பொருளுக்கு ரசீதும் உத்தரவாதமும் கேட்டுப் பெறுங்கள். கணினி திரும்பியதும் அதே சோதனையை மீண்டும் செய்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள்.

திருப்பதி வாடிக்கையாளரின் செயலி எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது, கணினியில் டி.பி.எம். 2.0 வசதியும் இருந்தது. ஆகவே எஸ்.எஸ்.டி. பொருத்தி விண்டோஸ் 11க்கு மாறினார். அந்தச் செலவுக்கு அவரது சேமிப்புக் கணக்கில் இருந்த தொகையே போதுமானதாக இருந்தது. இப்போது கடை திறந்த ஒரு நிமிடத்திற்குள் முதல் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட முடிகிறது என்கிறார். அடகு வைக்கக் கொண்டுவந்த வளையல்கள் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிட்டன.