வளைந்து கொடுக்கும் பசை

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல்.
• தொழில் சார்ந்த தமிழ்ச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.
• வினைத்தொகையை இனங்காணுதல்.

நுழையும் முன்

விளையாட்டு வகுப்பிற்கு மாணவர் அணியும் வெள்ளைத் துணிக்காலணியின் மேற்பகுதி ஒரே துணியால் ஆனது போலத் தோன்றும். பழைய காலணி ஒன்றின் கிழிந்த ஓரத்தை உற்று நோக்கினால் உண்மை விளங்கும். வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி, இரண்டிற்கும் இடையே மெல்லிய பசைப்படலம் என மூன்று அடுக்குகள் அங்கே இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பசையைப் பற்றியது இப்பாடம்.

1. ஏன் இரண்டு துணிகள்?

காலணியின் மேற்பகுதிக்கு இரண்டு கடமைகள் உண்டு. வெளிப்புறம் கல்லையும் மண்ணையும் உராய்வையும் தாங்க வேண்டும். அதற்குத் தடித்த நூலால் நெருக்கமாக நெய்த கித்தான் துணி ஏற்றது. உட்புறமோ தோலை உறுத்தாமல் வியர்வையை உறிஞ்ச வேண்டும். அதற்கு மெல்லிய பருத்தித் துணி ஏற்றது. இவ்விரு கடமைகளையும் ஒரே துணி செவ்வனே ஆற்றுவது அரிது. ஆகவே இரண்டு துணிகள் இணைக்கப்படுகின்றன.

அவற்றை ஓரங்களில் மட்டும் தைத்தால் போதாதா? போதாது. ஓரத்தில் மட்டும் தைத்த உட்துணி நடக்கும்போது நழுவிச் சுருங்கும். அச்சுருக்கம் காலில் உராய்ந்து கொப்புளத்தை உண்டாக்கும். துணி முழுவதும் நெருக்கமாகத் தைத்தால் ஊசித் துளைகள் வழியே நீர் உட்புகும். துணியின் பரப்பு முழுவதையும் ஒருசேரப் பிணைப்பது பசையே.

2. குறிப்பேடு கற்பிக்கும் பாடம்

பசை என்றால் கெட்டியாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஒரு குறிப்பேட்டைக் கையில் எடுத்து வளைத்தால் விடை கிடைக்கும். அது எளிதில் வளைகிறது. வளையும்போது அதன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது நழுவுவதால் ஓரம் சாய்வாகிறது. எல்லாத் தாள்களையும் கஞ்சிப் பசையால் ஒட்டிக் காயவைத்தால் அதே குறிப்பேடு பலகை போலாகிவிடும். வலிந்து வளைத்தால் மடியும் இடத்தில் வெடிக்கும்.

இதனைக் கணக்காகவும் கூறலாம். ஒரு தகட்டின் தடிமன் இருமடங்கானால் அது வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு 2 × 2 × 2 = 8 மடங்காகும். தனித்தனியே கிடக்கும் ஒரே வகையான இரண்டு தகடுகளின் எதிர்ப்போ 2 மடங்கு மட்டுமே. எனவே இரண்டு அடுக்குகளை இறுகிய பசையால் ஒட்டினால், ஒட்டாத நிலையைவிட அவற்றை வளைக்க 4 மடங்கு விசை தேவைப்படும்.

ஒருவர் நாள்தோறும் 8,000 அடி நடக்கிறார் எனக் கொள்வோம். ஒவ்வொரு காலணியும் நாளொன்றுக்கு 4,000 முறை வளையும். ஓராண்டில் 14 இலட்சத்து 60 ஆயிரம் முறை வளையும். அதுவும் பெரும்பாலும் விரல்களின் அடிப்பகுதியில், ஒரே இடத்தில் வளையும். இறுகிய பசை அவ்விடத்தில் முதலில் நுண்ணிய வெடிப்புகளைப் பெறும். வெடிப்பில் வியர்வை புகும். பிறகு அடுக்குகள் பிரியும். நெகிழும் பசையோ துணிகளை விடாமல் பற்றிக்கொண்டே அவை அணுவளவு அசைவதற்கும் இடம் தருகிறது. அதன் வலிமை அது வளைந்து கொடுப்பதில் இருக்கிறது.

3. மரம் தந்த பால்

இத்தகைய நெகிழ்ச்சி உடைய பொருளை மனிதர் முதலில் மரத்திலிருந்து பெற்றனர். தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுப் பழங்குடியினர் இரப்பர் மரத்தின் பாலைத் துணியில் பூசி, நீர் புகாத பொருள்களைச் செய்தனர். இசுகாட்லாந்தைச் சேர்ந்த சார்லசு மெக்கின்டாசு, இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த இரப்பரைப் பூசி ஒட்டும் முறைக்கு 1823-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். மழையங்கி செய்ய அத்துணி பயன்பட்டது. எனினும் அந்த இரப்பர் குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இரப்பர் இக்குறைகள் நீங்கி உறுதி பெறும் என்று கண்டறிந்தார். இம்முறை வல்கனைசாக்கல் எனப்படுகிறது.

இன்று இந்தியாவில் கேரளத்திலும் திரிபுராவிலும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இரப்பர்த் தோட்டங்கள் உள்ளன. பால்வெட்டும் தொழிலாளர் விடியற்காலையில் மரப்பட்டையைச் சாய்வாகச் சீவுவர். வழியும் பால் சிரட்டையிலோ கிண்ணத்திலோ சேரும். அப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரப்பர். மிகுதியில் பெரும்பகுதி நீர். அது உறையாதிருக்க அம்மோனியா சேர்க்கப்படும். பின்னர் வேகமாகச் சுழலும் எந்திரத்தில் இட்டு நீரைப் பிரிப்பர். அப்போது இரப்பரின் அளவு 60 விழுக்காடாக உயரும். துணிகளை ஒட்டும் பசைக்கு இந்தச் செறிந்த பாலே அடிப்படை.

4. ஒட்டும் முறை

செறிந்த பாலுடன் கந்தகம் முதலிய பொருள்களைக் கலந்து பசையை ஆக்குவர். அதனை ஒரு துணியின் பின்புறத்தில் மெல்லிய படலமாகப் பூசுவர். மற்றொரு துணியை அதன்மீது சுருக்கமின்றிப் படியவைத்து, இரண்டையும் உருளைகளுக்கு இடையே அழுத்தி, சூடான உருளைகளின் மேல் ஓடவிடுவர். நீர் ஆவியாக, பாலில் மிதந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து தொடர்ச்சியான படலமாகும். ஈரமாக இருந்தபோது நூல்களின் இடுக்குகளில் புகுந்த பசை, காய்ந்தபின் ஆயிரக்கணக்கான வேர்களைப் போல இரு துணிகளையும் பற்றிக்கொள்ளும்.

இதில் மூன்று செய்திகளில் கவனம் தேவை.

முதலாவது, பசையின் அளவு. குறைந்தால் அடுக்குகள் பிரியும். மிகுந்தால் துணியின் மறுபக்கம் வரை ஊறிக் கறைபடியும். துணியின் காற்றுப்புழைகள் அடைபட்டுக் காலணிக்குள் வெப்பம் தேங்கும்.

இரண்டாவது, துணியின் திசை. நெசவில் நீளவாக்கில் செல்லும் நூல் பாவு; குறுக்கே செல்லும் நூல் ஊடை. பாவும் ஊடையும் செல்லும் திசையில் துணி அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். இரண்டு துணிகளின் பாவும் ஒரே திசையில் அமையாவிட்டால் ஒன்று நீள, மற்றொன்று தடுக்க, காலணியின் வடிவம் கோணலாகும்.

மூன்றாவது, காய்தல். நீர் முற்றிலும் நீங்குமுன் துணியைச் சுருட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பிணைப்பு வலுவிழக்கும்.

ஒட்டிய துணியின் ஒரு பட்டையை எடுத்து, அதன் இரு அடுக்குகளையும் எதிரெதிர்த் திசையில் இழுத்து, பிரிக்க எவ்வளவு விசை தேவை என்று அளப்பர். மற்றொரு துண்டை எந்திரத்தில் பொருத்திப் பல்லாயிரம் முறை மடக்கி நிமிர்த்துவர். முதல் சோதனை பற்றுதலையும், இரண்டாவது சோதனை நெகிழ்ச்சியையும் காட்டும். இரண்டிலும் தேறுவதே நல்ல பசை.

5. பசையும் உயிரும்

இரப்பர்ப் பால் நீரில் மிதக்கும் பசை. காலணித் தொழிலில் வேறொரு வகைப் பசையும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அதில் இரப்பர் நீருக்குப் பதிலாகக் கரைப்பானில் கரைக்கப்பட்டிருக்கும். கரைப்பான் விரைவில் ஆவியாவதால் பசை விரைவில் காயும். வேலை விரைவில் முடியும். ஆனால் ஆவியான கரைப்பான் அறையின் காற்றில் கலக்கிறது. பசை பூசுபவர் நாள் முழுவதும் அதனையே சுவாசிக்கிறார்.

அதன் விலை பெரிது. ஜப்பானில் 1960-களில் செருப்புச் செய்த தொழிலாளர் பலர் எக்சேன் கலந்த பசையால் கைகால் உணர்விழந்து நரம்பு நோய்க்கு ஆளாயினர். துருக்கியின் இஸ்தான்புல் நகர மருத்துவர் முசாபர் அக்சாயும் உடன் ஆய்ந்தோரும் 1974-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பென்சீன் கலந்த பசையை நெடுங்காலம் கையாண்ட காலணித் தொழிலாளரிடையே குருதிப் புற்றுநோய் மிகுந்திருப்பதை அது எடுத்துக்காட்டியது.

இந்தியாவில் ஆக்ராவின் காலணிகள் பலவும் சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் உருவாகின்றன. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றவை. எங்கு வேலை நடந்தாலும் மூடிய அறையில் கரைப்பான் பசையைப் பூசுவது தீங்கானது. நீர்ப்பசை காய்வதற்குக் கூடுதல் நேரமும் வெப்பமும் தேவை. எனவே செலவும் கூடும். இரப்பர்ப் பாலில் உள்ள அம்மோனியாவும் கண்ணையும் மூக்கையும் உறுத்துவதால் அங்கும் காற்றோட்டம் இன்றியமையாதது. ஆயினும் கரைப்பான் தரும் நோய்களோடு ஒப்பிட்டால் அச்செலவு சிறிதே. சூடேற்றினால் உருகி ஒட்டும் மெல்லிய பசைத்தாள்களும் இன்று பயன்படுகின்றன. அவற்றிற்கு நீரும் வேண்டா, கரைப்பானும் வேண்டா.

ஒரு காலணி நன்றாக உழைக்கிறதா என்பதை அதனை அணிபவர் அறிவார். அதனை ஒட்டியவர் நலமாக இருக்கிறாரா என்பதைக் காலணி காட்டுவதில்லை. பொருளின் தரத்தில் அதுவும் ஒரு பகுதியாகும்.

சொல்லும் பொருளும்

கித்தான் – தடித்த, நெருக்கமான நெசவுத் துணி
பாவு – துணியின் நீளவாட்டு நூல்
ஊடை – துணியின் குறுக்கு நூல்
சிரட்டை – கொட்டாங்குச்சி
கரைப்பான் – பிற பொருளைக் கரைக்கும் நீர்மம்
செவ்வனே – நன்றாக

மொழியை அறிவோம்

காலம் காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்து வருவது வினைத்தொகை.
நெகிழ்பசை – நெகிழ்ந்த பசை, நெகிழ்கின்ற பசை, நெகிழும் பசை.

பழந்தமிழில் காலணிக்குத் ‘தொடுதோல்’ என்னும் பெயர் உண்டு. தொடுதல் என்பதற்கு அணிதல் என்றும் பொருள். ஆகவே தொடுதோல் என்பதும் வினைத்தொகையே.

‘ஒட்டு’ என்னும் சொல் பொருளுக்கு மட்டும் உரியதன்று. மனிதர்க்கிடையே உள்ள நெருக்கத்தை ‘ஒட்டுறவு’ என்கிறோம். பிரித்து எழுதினால் ஒட்டு + உறவு.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இரு துணிகளுக்கு இடையே இரப்பரைப் பூசும் முறைக்கு மெக்கின்டாசு காப்புரிமை பெற்ற ஆண்டு
(அ) 1823 (ஆ) 1839 (இ) 1974

2. துணியில் குறுக்கே செல்லும் நூல்
(அ) பாவு (ஆ) ஊடை (இ) கித்தான்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. இரப்பர்ப் பால் உறையாதிருக்க ________ சேர்க்கப்படும்.
2. இரப்பருடன் ________ சேர்த்துச் சூடேற்றுவது வல்கனைசாக்கல்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. காலணியின் உட்துணியை ஓரத்தில் மட்டும் தைத்தால் நேரும் குறை யாது?
2. பசை மிகுந்தால் என்ன ஆகும்?
3. ஒரே வகையான மூன்று தகடுகளை இறுகிய பசையால் ஒட்டினால், ஒட்டாத நிலையைவிட எத்தனை மடங்கு விசை தேவைப்படும்? கணக்கிடுக.

ஈ. விரிவான விடை எழுதுக.

1. ‘பசையின் வலிமை அது வளைந்து கொடுப்பதில் இருக்கிறது’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. கரைப்பான் பசை, நீர்ப்பசை ஆகியவற்றின் நன்மை தீமைகளை ஒப்பிடுக.

உ. மொழித்திறன்

1. சுடுநீர், படர்கொடி, சுழல்காற்று – இவ்வினைத்தொகைகளை முக்காலத்திற்கும் விரித்து எழுதுக.
2. ‘வளைந்து கொடுத்தல்’ என்னும் தொடரை மனிதரின் பண்பைக் குறிக்கும் வகையில் சொந்தத் தொடரில் அமைக்க.

ஊ. செய்து பார்க்க

பழைய பருத்தித் துணியில் ஒரே அளவான நான்கு பட்டைகளை வெட்டுக. இரண்டை மைதாப் பசையாலும் மற்ற இரண்டைத் துணி ஒட்டும் நீர்ப்பசையாலும் ஒட்டி ஒரு நாள் காயவைக்க. ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் 100 முறை மடக்கி நிமிர்த்துக. எது விறைத்தது, எது பிரிந்தது, எது நெகிழ்ந்தது என்பதை ஐந்து தொடர்களில் எழுதி, வீட்டிலுள்ள பெரியோரிடம் படித்துக் காட்டுக.